மைக்கைப் பார்த்தாலே பேச்சு வரலையா? கள்ளர் பள்ளி முதல் கனடா வரை... காலனி கால வகுப்பறைகளின் கதை!

மேடையில் பேசச் சொன்னதும் பின்வரிசைக்கு நழுவும் பிள்ளைகள் கடமலைக்குண்டிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. "கூச்ச சுபாவம்" என்று சொல்லி அதை முடித்துவிடுகிறோம். ஆனால் "உன் பேச்சு சரியில்லை" என்று கேட்டே வளரும் பிள்ளைக்கு வரும் பயம் கொஞ்சம் வேறு. அதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கு.

கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்றால் என்ன?

1871-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறமலைக் கள்ளர் சமூகமே 'குற்றவாளிகள்' பட்டியலில் சேர்க்கப்பட்டது. கைரேகை பதியணும், இரவில் ஆஜராகணும். கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

அதே காலகட்டத்தில் தொடங்கிய 'சீரமைப்பு'த் திட்டத்தில் உருவானவைதான் இந்தப் பள்ளிகள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இயங்குகின்றன. சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-ல் ரத்தானது. பெயர் மட்டும் மாறலை.

உலகில் வேறு எங்கே நடந்தது?

அமெரிக்கா: 1879-ல் பென்சில்வேனியாவில் கார்லைல் பள்ளி தொடங்கியது. பூர்வகுடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசத் தடை போட்டார்கள்.

கனடா: சுமார் 1.5 லட்சம் பூர்வகுடிப் பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். 2008-ல் அரசு மன்னிப்புக் கேட்டது. 2015-ல் விசாரணை ஆணையம் இதை 'பண்பாட்டு இனப்படுகொலை' என்றது.

நியூசிலாந்து: வகுப்பில் மாவோரி மொழி பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது.

இரண்டும் ஒன்றா?

இல்லை. கள்ளர் பள்ளிகளில் பாடமொழி தமிழ்தான். பல தலைமுறைகளுக்குப் படிப்பும் வேலையும் கிடைக்க அவை வழிவிட்டன. ஆனால் ஆரம்ப எண்ணம் ஒன்றுதான்: 'இந்தப் பிள்ளையிடம் ஏதோ கோளாறு, அதைச் சரிசெய்யணும்.'

வருசநாடு, மேகமலைப் பகுதியில் வாழும் பளியர் பழங்குடியினரின் கதை வேறு. 1882 சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காட்டின் மீதான அதிகாரம் வனத்துறை கைக்குப் போனது. அவர்கள் வீட்டில் பேசும் பேச்சு, பாடப்புத்தகத் தமிழ் இல்லை. வகுப்பில் வாய் திறந்ததும் சிரிப்பு கேட்டால், அந்தப் பிள்ளை அடுத்த முறை எழுந்து நிற்குமா?

மேடைப் பயத்தில் உடலுக்குள் என்ன நடக்குது?

ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கும், வாய் வறளும், கை நடுங்கும். இது யாருக்கும் வரும், நோய் இல்லை. ஒருமுறை கேலிக்கு ஆளானால், அடுத்த மேடையையும் மூளை ஆபத்து என்றே எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

என்ன செய்யலாம்?

* முதலில் வீட்டுப் பேச்சிலேயே பேச விடுங்க. மேடைத் தமிழ் பிறகு வரட்டும்.
* முதலில் பக்கத்து நண்பரிடம், அடுத்து ஐந்து பேரிடம், கடைசியாக மேடையில் என்று படிப்படியாகக் கூட்டுங்க.
* பேசும்போது நடுவில் திருத்த வேண்டாம்.

நியூசிலாந்தில் 1982-ல் மாவோரி மொழியிலேயே நடக்கும் மழலையர் பள்ளிகள் தொடங்கின. 1987-ல் அது ஆட்சிமொழியானது. அடி வாங்கிய மொழியிலேயே பிள்ளைகள் மீண்டும் சபையில் பேசுகிறார்கள்.

இப்போது ஏன் பேச்சு?

கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையுடன் இணைப்பதாக 2023 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. 2024-ல் நீதிபதி சந்துரு குழுவும் இதையே பரிந்துரைத்தது. சாதி அடையாளம் போகணும் என்பது ஒரு தரப்பு. 'எங்க முன்னோர் போராடிப் பெற்ற பள்ளி, தனி அடையாளம் போகக்கூடாது' என்பது இன்னொரு தரப்பு.

பெயர்ப்பலகை எப்படி முடிவானாலும், வகுப்பில் ஒரு பிள்ளை தன் பேச்சில் பேசும்போது மற்றவர்கள் சிரிக்காமல் கேட்பதற்கு அரசாணை தேவையில்லை. நாளைக்கே தொடங்கலாம்.