மைலிலிருந்து கிலோமீட்டருக்கு: இறக்குமதிக் கார்களின் தூரமானி

தூரமானி என்பது வண்டி இதுவரை ஓடிய மொத்தத் தொலைவைக் காட்டும் கருவி. ஓடோமீட்டர் என்றும் வழங்கப்படும். வேகத்தைக் காட்டும் ஸ்பீடாமீட்டருடன் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள் இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று எண்ணுவோர் உண்டு. பிரிட்டனில் ஓடிய கார்களில் இவை மைலைக் காட்டும். நம் சாலைகளின் கணக்கோ கிலோமீட்டர்.

கல் தொலைவு

ரோமானியரான விட்ருவியஸ், கி.மு. முதல் நூற்றாண்டிலேயே தூரமானி ஒன்றை விவரித்துள்ளார். 4 அடி விட்டமுள்ள சக்கரம் 400 முறை சுழன்றால் 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். அப்போது ஒரு கூழாங்கல் பாத்திரத்தில் விழும். கற்களை எண்ணினால் கடந்த மைல்கள் தெரியும். தமிழிலும் மைலுக்குக் 'கல்' என்ற பெயர் உண்டு. 'ஐந்து கல் தொலைவு' என்றால் ஐந்து மைல். இங்கே அந்தப் பெயர் சாலையோரம் நட்ட கல்லால் வந்தது.

மெட்ரிக் முறை

ஒரு மைலுக்கு 8 பர்லாங், 1,760 கஜம் என்பது ஆங்கிலேயர் கொண்டுவந்த கணக்கு. 1956இல் எடை, அளவைத் தரச் சட்டம் நிறைவேறியது. 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசாவும், 1958 அக்டோபர் 1 முதல் படிப்படியாகக் கிலோகிராமும் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் சாலைக் கற்களும் கிலோமீட்டருக்கு மாறின. ஆனாலும் அவற்றை இன்றும் 'மைல்கல்' என்றே அழைக்கிறோம்.

வண்டலூரும் பிரிட்டிஷ் கார்களும்

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தயாரித்தது. இதன் மூலம் பிரிட்டனின் டிரயம்ப் ஹெரால்டு. அதன் அடிச்சட்டத்தைச் சார்ந்து 1962இல் அங்கே வெளிவந்ததே ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார்.

அக்காலப் பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த ஸ்மித்ஸ் மீட்டரின் முகப்பில் சிறிய எண் ஒன்று அச்சாகியிருக்கும். 1000 என்றிருந்தால், கியர் பெட்டியிலிருந்து வரும் கேபிள் 1,000 முறை சுழலும்போது ஒரு மைல் ஏறும். ஒரு மைல் 1.609344 கிலோமீட்டர். ஆகவே அதே கேபிள் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 621 முறைதான் சுழலும். முகப்பட்டையை மட்டும் மாற்றினால் வேகமுள் சரியாகிவிடும். எண் உருளைகள் மைலையே எண்ணிக்கொண்டிருக்கும். உள்ளே உள்ள பற்சக்கரங்களையும் மாற்ற வேண்டும்.

மின்னணு மீட்டரில் இந்த வேலையில்லை. பல கார்களில் அலகை மாற்றினால் 10,000 மைல் என்பது 16,093 கிலோமீட்டர் என்று தோன்றும்.

ஏன் முக்கியம்?

இந்திய இறக்குமதி விதிகள் பொதுவாக இரண்டையும் கேட்கின்றன: ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். பிரிட்டிஷ் கார் முதல் நிபந்தனைக்குப் பொருந்தும்; இரண்டாவதற்கு மாற்றம் தேவைப்படும்.

இதில் உயிரும் அடங்கியிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60 என்ற பலகையைப் பார்த்து, மைல் மீட்டரில் முள்ளை 60இல் நிறுத்துபவர் உண்மையில் சுமார் 97 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மைல் உருளையில் 18 அல்லது 19தான் ஏறும்.

பழைய காரை வாங்குபவருக்குப் பணமும் போகும். 50,000 என்ற எண் மைலானால், வண்டி ஓடியது 80,467 கிலோமீட்டர். எனவே அலகை மாற்றும் நாளில் இருந்த எண், அதன் அலகு, தேதி ஆகிய மூன்றையும் ரசீதில் எழுதி வாங்கி, வண்டியின் ஆவணங்களோடு வைத்திருக்க வேண்டும். புதிய மீட்டர் பொருத்தினால், பழைய தொலைவைக் கிலோமீட்டராக்கி அதில் ஏற்ற வேண்டும், அல்லது எழுத்தில் குறிக்க வேண்டும். பூஜ்யத்தில் விட்டுவிட்டு, அதைச் சொல்லாமல் விற்பது ஏமாற்று.

பள்ளிக் கணக்கில் அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண் குறையும். மாணவர்கள் அதைக் கண்டிப்பு என்பார்கள். சாலையிலும் சந்தையிலும் அந்தக் கண்டிப்பு தேவைப்படுகிறது.