செஞ்சிக் குன்றுகளின் சமண உறைவிடங்கள்

விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் பாறைக் குன்றுகள் தொடர்ந்து கிடக்கின்றன. அவற்றின் குகைகளிலும் அடிவாரத்து ஊர்களிலும் சமணத் துறவியர் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளாக வாழ்ந்து வந்ததற்குச் சான்றுகள் உள்ளன. தொண்டூரும் நெகனூர்ப்பட்டியும் தொடக்க காலத்தைக் காட்டுகின்றன. திருநாதர்குன்று இடைக்காலத் துறவு வாழ்வுக்குச் சான்று. மேல்சித்தாமூரில் உள்ள மடம் இன்றும் இயங்குகிறது.

இக்குன்றுகள் உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் அமைப்புடையவை. பாறைகளுக்கு இடையே இயற்கையாக உண்டான பொந்துகளும் தாழ்வாரம்போல் நீண்ட நிழலிடங்களும் ஏராளம். சுற்றிலும் காரை, சூரை, களா போன்ற முட்செடிகள் மண்டிய புதர்க்காடு. பாக்கமலைப் பக்கம் அது அடர்ந்த காப்புக்காடாகவே உள்ளது. சமணத் துறவிகள் ஓரிடத்தில் நிலைத்துத் தங்காமல் ஊர் ஊராக நடப்பவர்கள். மழைக்காலத்தில் மண்ணில் புழு பூச்சிகள் பெருகும் என்பதாலும், நடந்தால் அவை மிதிபடும் என்பதாலும், நான்கு மாதங்கள் மட்டும் ஒரே இடத்தில் இருப்பார்கள். ஊருக்கு அப்பால், ஆனால் உணவு ஏற்கச் சென்று திரும்பும் தொலைவில், நனையாத ஓர் இடம் அவர்களுக்குப் போதும். செஞ்சிப் பாறைகள் அதைத் தந்தன. பாறை முகப்பில் காடி வெட்டி மழைநீரைப் புறத்தே வழியவிடுவதும், தரையைச் சமன்செய்து படுக்கை செதுக்குவதும் மட்டுமே மனிதர் செய்த வேலை.

எதையும் உடைமையாகக் கொள்ளாதவருக்கு அந்தப் படுக்கையையும் யாரேனும் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தவர்களின் பெயர்கள் கல்லில் நிற்பதே இப்பகுதியின் தனிச்சிறப்பு. தொண்டூரில் பஞ்சனார்படி எனப்படும் குகையில் கி.பி. 3ஆம் நூற்றாண்டு அளவினதான தமிழி (தமிழ்ப் பிராமி) கல்வெட்டு உள்ளது. இளங்காயிபன் என்பவர் ஏவ, அகழூரின் அறமாக, மோசி என்பவர் அந்த உறைவிடத்தைச் செய்தார் என்பது அதன் செய்தி. அகழூர் இன்றும் அதே பெயரில் அருகே இருக்கிறது; ஆதிநாதர் கோயிலும் தமிழ்ச் சமணக் குடும்பங்களும் அங்கு உண்டு. நெகனூர்ப்பட்டியில் அடுக்கங்கல் என்னும் பாறைக் குகையில் உள்ள கல்வெட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிந்தியது. அங்கே பள்ளியை, அதாவது துறவியர் உறைவிடத்தை, செய்வித்தவர் ஒரு பெண்: சேக்கந்தி என்பவரின் தாயான சேக்கந்தண்ணி. அரசரோ வணிகக் குழுவோ குறிக்கப்படாத இக்கல்வெட்டு, அக்காலத்தில் ஒரு பெண் தன் பெயராலேயே அறம் செய்ய முடிந்ததைக் காட்டுவதால் மிகவும் மதிக்கத்தக்கது. இவற்றுக்கு மாறாக, முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கும் ஜம்பையில், 1981இல் கண்டறியப்பட்ட கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சி என்னும் அரசனின் கொடையைக் கூறுகிறது.

துறவியர் கல்வியிலும் ஈடுபட்டனர். கடலூரை அடுத்த பாடலிபுரத்தில், இன்றைய திருப்பாதிரிப்புலியூரில், பெரிய சமணப் பள்ளி இருந்தது. சர்வநந்தி என்னும் முனிவர் பல்லவன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 458இல், லோகவிபாகம் என்ற உலக அமைப்பு நூலைப் பாடலிபுரத்தில் எழுதி முடித்தார். திருநாவுக்கரசர் சைவத்துக்குத் திரும்புமுன் தருமசேனர் என்னும் சமணத் துறவியாக விளங்கியதும் இங்கேதான் என்பது பெரியபுராண மரபு.

செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரத்தை ஒட்டியுள்ள திருநாதர்குன்று இத்தொகுதியில் நின்று பார்க்க வேண்டிய இடம். குன்றின் மேலே பெரும் பாறை ஒன்றின் முகத்தில் சமணர் வழிபடும் தீர்த்தங்கரர் 24 பேரும் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசைகளில் அமர்ந்த நிலையில் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளனர். சிற்பங்கள் கி.பி. 9ஆம் நூற்றாண்டு அளவின. ஒருவருக்கும் மற்றவருக்கும் உருவத்தில் வேறுபாடு காட்டாத அந்த ஒழுங்கு, கண்டவர் மனத்தில் நெடுநாள் நிற்கும். சிற்பங்களினும் மூத்தது அங்குள்ள ஒரு கல்வெட்டு. தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்தைச் சேர்ந்தது அது; கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டினதாகக் கணிக்கப்படுகிறது. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்த இடம் என்பது அதன் பொருள். பிந்திய மற்றொரு கல்வெட்டு இளைய பட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்து மறைந்ததைச் சொல்கிறது. சல்லேகனை எனப்படும் இந்நோன்பு முதுமையோ தீரா நோயோ வந்தபின், ஆசிரியரின் இசைவோடு, உணவைப் படிப்படியாகக் குறைத்து மேற்கொள்ளப்படுவது. அவ்வாறு மறைந்த இடத்தில் நிறுவும் நினைவுச் சின்னம் நிசீதிகை. தமிழகத்தில் கிடைத்துள்ள நிசீதிகைக் கல்வெட்டுகளில் சந்திரநந்தியின் கல்வெட்டு மிகப் பழையவற்றுள் ஒன்று. இக்குன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

குகையிலிருந்து ஊருக்குள் இறங்கிய துறவு வாழ்வை மேல்சித்தாமூரில் காணலாம். இங்குள்ள பழைய கோயிலான மல்லிநாதர் கோயிலின் மையம் ஒரு பாறைதான். பாகுபலி, பார்சுவநாதர், தருமதேவி முதலிய உருவங்கள் அதில் செதுக்கப்பட்டுள்ளன. பாறையைச் சூழ்ந்து பின்னர் மண்டபங்கள் எழுந்தன. உயர்ந்த இராசகோபுரமும் மானத்தம்பம் என்னும் தூணும் கொண்ட பார்சுவநாதர் கோயில் காலத்தால் பிந்தியது. மயிலாப்பூரில் இருந்த நேமிநாதர் திருவுருவம் கடல் அரிப்புக்கு அஞ்சி இங்கே கொண்டுவரப்பட்டது என்று தமிழ்ச் சமணர் வழிவழியாகச் சொல்கின்றனர்.

இவ்வூர் மடத்தின் பெயர் ஜினகாஞ்சி மடம். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்திலிருந்து இடம்பெயர்ந்ததால் அப்பெயர் நிலைத்தது. அதன் தலைவர் இலட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டம் ஏற்கிறார். பட்டாரகர் ஆடை அணிந்தவர். மடத்தின் சொத்துகளையும் கோயில்களையும் நிருவகிப்பவர். இல்லறத்தாரின் சடங்குகளுக்கும் வழிகாட்டுபவர். ஆடையும் துறந்து நடக்கும் திகம்பர முனிவரின் வாழ்வு வேறு, இது வேறு. ஆதரவும் பாதுகாப்பும் குறைந்த காலத்தில் நூல்களையும் கோயில்களையும் காப்பதற்கு இத்தகைய நிலையான தலைமை தேவைப்பட்டது.

அந்த நெருக்கடி பற்றி ஒரு கதை இப்பகுதியில் வழங்குகிறது. 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டில் டபிள்யூ. பிரான்சிஸ் அதைப் பதிவுசெய்துள்ளார். 1478இல் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி தான் மணம்பேசிய இடத்தில் சமணரால் அவமதிக்கப்பட்டதாகச் சினந்து, அவர்களைக் கொல்ல ஆணையிட்டான். பலர் ஒளிந்தனர், பலர் சமயம் மாறினர். தாயனூரைச் சேர்ந்த காங்கேய உடையார் உடையார்பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். பிடிபட்டு உயிர்பிழைத்த வீரசேனாசாரியர் சிரவணபெளகொளவுக்குச் சென்று கற்றார். கொடுமை ஓய்ந்தபின் உடையாரே அவரை அழைத்துவந்து சமயத்தை மீண்டும் நிலைநிறுத்தினார். செஞ்சியில் நாயக்கர் ஆட்சி வேரூன்றியது 16ஆம் நூற்றாண்டில் என்பதால், கதை கூறும் ஆண்டை அப்படியே கொள்ள இயலாது. ஆனால் தாயனூர் உடையார் வழியினருக்குச் சமணர் விழாக்களில் முதல் தாம்பூலம் தரும் வழக்கமும், சித்தாமூர் மடத்தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்கிருந்த செல்வாக்கும் அதே கையேட்டில் காணப்படுகின்றன. ஒரு சமூகம் தன் மீட்சிக்குக் காரணமானவரை இவ்வளவு காலம் மறவாதிருந்ததற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வறுமையை விரதமாகக் கொண்ட துறவியர் காட்டுப் பாறைகளை நாடியது வேறு நாடுகளிலும் உண்டு. போர்ச்சுகலின் சிண்ட்ரா மலைக்காட்டில் 1560இல் அமைந்த பிரான்சிஸ்கன் மடத்தில் பாறைகளே சுவர்களாயின. குளிரும் ஈரமும் தாக்காதிருக்கச் சிற்றறைகளுக்குத் தக்கைமரப் பட்டை பதித்தனர். 1834இல் அந்நாட்டு அரசு ஆண் துறவியர் சபைகளைக் கலைத்தபோது அது வெறுமையாகி, இப்போது காட்சிக்கூடமாக மட்டும் நிற்கிறது. மேல்சித்தாமூரில் பட்டாரகர் பீடம் தொடர்வதற்குக் காரணம், சுற்றுவட்டாரத்துச் சமணர் அதைத் தங்கள் வீட்டுப் பொறுப்பாகக் கருதியதே. நயினார் என்று அழைக்கப்படும் இவர்களில் பெரும்பாலோர் உழவர். வீடூர், பெருமண்டூர், அகழூர் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள். ஓலைச்சுவடிகளையும் இவர்கள் காத்தனர். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, சமயக் கருத்துகளில் எழுந்த ஐயங்களைத் தமிழ்ச் சமணரிடமே கேட்டுத் தெளிந்தார்.

இவ்விடங்களைக் காண வருவோர்க்குச் செஞ்சியே நடுவிடம். திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் அங்கே பேருந்துகள் உண்டு. திருநாதர்குன்றில் பாறையில் வெட்டிய படிகள் வழியே ஏற வேண்டும். நிழல் குறைவு என்பதால் காலைப் பொழுதே ஏற்றது. தொண்டூரில் சமணக் குகையோடு பாறையில் செதுக்கிய பள்ளிகொண்ட திருமாலையும், சிங்கவரத்தில் அரங்கநாதர் குடைவரையையும் சேர்த்துப் பார்க்கலாம். மேல்சித்தாமூரில் ஆண்டுதோறும் தேர்த் திருவிழா நடைபெறுகிறது. வேலைக்காகச் சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் சென்றுவிட்ட நயினார் குடும்பங்கள் அப்போது ஊர் திரும்புகின்றன.