களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதமும் தோட்டத்தார் பயணமும்

இரத்தினபுரி நகருக்குப் புகையிரதம் வந்தது 1912 ஆம் ஆண்டிலாகும். அதற்கு முன்னர் அப்பகுதியின் விளைபொருள்கள் களுகங்கை வழியே படகேறிக் களுத்துறையை அடைந்தன. ஆற்றின் நீரளவே வணிகத்தின் காலக்கணக்காயிருந்தது. மோட்டார் வண்டிகள் பெருகியமையால் 1910 ஆம் ஆண்டளவில் இறப்பரின் விலை உலகச் சந்தையில் பெரிதும் உயர்ந்தது. கொழும்பிலிருந்து அவிசாவளை வரை 1902 இல் இடப்பெற்றிருந்த பாதை, இரத்தினபுரிக்கும், 1919 இல் ஓப்பநாயக்கவிற்கும் நீண்டமைக்கு இவ்வுயர்வும் ஒரு காரணமெனலாம்.

இப்பாதையின் தண்டவாள இடைவெளி 2 அடி 6 அங்குலமே. கண்டிக்கும் பதுளைக்கும் செல்லும் பெரும்பாதையின் இடைவெளியோ 5 அடி 6 அங்குலம். குன்றுகளை வளைந்து வளைந்து கடக்கவும், செலவைக் குறைக்கவும் சிறுபாதை ஏற்றதாயிற்று. விரைவு மட்டும் இல்லை. 1920 களின் பிற்பகுதியில் சென்டினல் நீராவிப் பெட்டிவண்டிகள் இப்பாதைக்கு வந்தன. இரத்தினக்கல் வணிகர், கச்சேரி எழுத்தர், வழக்குக்குச் செல்வோர், இரத்தினபுரி வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறும் அடியார் ஆகியோர் இவ்வண்டியின் பயணிகளாயினர்.

நிவித்திகல முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரோ இவ்வண்டிக்கு அன்றாடப் பயணிகளல்லர். அவர்தம் இறப்பர்ப் பாலும் தேயிலையும் பயணஞ் செய்தன, அவர்கள் செய்யவில்லை. வசிக்கும் லயத்துக்கும் வேலை செய்யும் மலைக்கும் இடையே நடைதூரமே உண்டு. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மரம் வெட்டிப் பால் சேர்த்து, மாலையில் அதே லயத்துக்குத் திரும்புபவனுக்குப் பயணச்சீட்டு எதற்கு? அன்றியும், 1921 இல் ஒழிக்கப்படும் வரை, கங்காணியிடம் பட்ட கடனைத் 'துண்டு' என்னும் சீட்டிற் குறித்து, தொழிலாளியோடு அக்கடனையும் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றும் வழக்கம் நிலவியது. கடன் தீராதவன் தன் விருப்பப்படி இடம் பெயர்தல் அரிது. அத்தகையோரின் வாழ்நாளில் நெடும்பயணம் ஒன்றே ஒன்றுதான்: தமிழகத்துக் கிராமத்திலிருந்து மண்டபம் முகாமுக்கும், 1914 இன் பின்னர் தனுஷ்கோடி, தலைமன்னார் வழியே தோட்டத்துக்கும் வந்த பயணம். அதன்பின் ஆண்டுக்கணக்கில் வேலியே எல்லை.

அன்றாடப் பயணம் அவர்களுக்குப் பஸ் வண்டியோடுதான் தொடங்கியது. தனியார் கம்பனிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஓட்டிய வண்டிகளை, பண்டாரநாயக்க அரசு 1958 ஜனவரி முதலாந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ்க் கொணர்ந்தது. இலாபம் தராத கிராமப் பாதைகளுக்கும் வண்டி விடும் கடமை இதனால் அரசின் தோளில் ஏறியது. இம்மாற்றத்தின் மெய்யான பயன் இதுவே. ஆயினும் 1956 இன் தனிச்சிங்களச் சட்டத்தின் பின்னர் வண்டியின் முகப்புப் பலகையும் ஆட்சிமொழியையே பேசிற்று. பலகையைப் படிக்கவியலாத மூதாட்டி நடத்துநரின் கூவலைச் செவிமடுத்தே தன் வண்டியை அறிந்துகொள்ள நேர்ந்தது. தமிழும் ஆட்சிமொழியாகும் என்ற ஏற்பு, 1987 இன் பதின்மூன்றாந் திருத்தத்திலேயே இடம்பெற்றது.

தோட்டப் பாடசாலைகள் 1970 களில் அரசின் வசமாகத் தொடங்கின. அவற்றுட் பல தொடக்க வகுப்புகளோடு நின்றமையால், மேலே கற்க விரும்பிய பிள்ளை வேறூர் செல்ல வேண்டியதாயிற்று. தோட்டத்து இளைஞரும் நகரத்துக் கடைகளில் வேலை தேடலாயினர். தோட்டத்தார் உண்மையில் நாள்தோறும் பயணிக்கத் தொடங்கிய அக்காலத்திலேயே, 1976 இல், அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி வழி ஓப்பநாயக்க வரையிலான பாதை மூடப்பெற்றது. யட்டியாந்தோட்டைக் கிளையோ போர்க்காலமாகிய 1942 இலேயே கைவிடப்பட்டிருந்தது. எஞ்சிய கொழும்பு - அவிசாவளைப் பகுதி 1990 களில் அகலப்பாதையாக்கப்பட்டது. அந்த அகலம் இரத்தினபுரியை எட்டவில்லை. சரக்குக்கு வந்த இரயில், மனிதர் வேண்டியபோது இல்லை.

ஆகவே இம்மக்களின் கதி பஸ்ஸோடு பிணைந்தது. அதுவும் எப்போதும் அச்சமற்றதாயிருக்கவில்லை. 1981 ஆகஸ்டில் இம்மாவட்டத்துத் தோட்டங்களில் வன்முறை மூண்டபோது, நாள்தோறும் வேலைக்கும் சந்தைக்கும் சென்ற அதே வீதியே தப்பியோடும் வழியுமாயிற்று. பலர் வவுனியாப் பக்கஞ் சென்று குடியேறினர். எஞ்சியோர் மீண்டும் அதே தரிப்பிடத்தில் நின்றனர்.

இன்றும் தோட்டத்துப் பிள்ளை சேறு படிந்த மலைப்பாதையில் இறங்கி, பெருவீதியை அடைந்த பின்னரே பஸ்ஸைக் காணும். இரத்தினபுரி இலங்கையின் மழைமிகு மாவட்டங்களுள் ஒன்றாதலின், அந்நடையே பயணத்தின் கடினமான பகுதி. வண்டி தவறினால் முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் கூலி, தாயின் நாட்சம்பளத்தில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் வண்டிகள் குறைந்து பாடசாலைகளும் மூடப்பட்டபோது, நகரத்துப் பிள்ளைகள் பலர் தொலைபேசித் திரையிற் பாடங் கேட்டனர். தோட்டங்களிலோ, நல்ல அலைத்தொடர்பு கிட்டும் மேட்டைத் தேடி மலையேறியவர்களும் உண்டு. கைபேசியே இல்லாத லயங்களும் உண்டு. வண்டி திரும்ப ஓடத் தொடங்கியபோது கட்டணமும் உயர்ந்திருந்தது.