இரண்டு துப்பாக்கிகளின் வழக்கு

கதை எழுதுகிறவனுக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று நேயர்கள் கேட்கலாம். துப்பாக்கி இல்லாமல் துப்பறியும் நாவல் எழுத முடியாதே என்று சொல்லி நான் தப்பித்துக் கொள்ளலாம். ஆனால் இங்கே வரப்போகும் இரண்டு துப்பாக்கிகளும் அந்த ரகத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை ஒன்றோடொன்று வழக்காடின. ஒன்றின் பக்கம் அமெரிக்க அரசாங்கம் நின்றது. மற்றொன்றின் பக்கம் ஒரு வக்கீல் நின்றார். குறி பார்த்துச் சுடும் மைதானமே நீதிமன்றம். தீர்ப்புச் சொன்ன பிறகும் வழக்கு முடியவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

முதலில் வழக்கு எதைப் பற்றியது என்று பார்ப்போம். 1903-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கச் சிப்பாயின் தோளில் இருந்தது ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ரைபிள். ஐந்து தோட்டாக்கள் கொள்ளும். ஒரு முறை சுட்டதும் தாழ்ப்பாளைக் கையால் தூக்கி, பின்னுக்கு இழுத்து, வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, மறுபடி முன்னுக்குத் தள்ளி மடக்க வேண்டும். பிறகுதான் அடுத்த வேட்டு. நம் நாட்டு ராணுவத்தில் வெகு காலம் இருந்த .303 ரைபிளும் இந்த ஜாதிதான். தாழ்ப்பாளை இழுத்து மூடுவதற்குள் குறி கலைந்து விடும்; எதிரி மரத்தின் பின்னால் போய்விடுவான்.

அரைத் தானியங்கித் துப்பாக்கி இந்தத் தொல்லையைத் தீர்த்தது. வெடித்த தோட்டாவின் சக்தியில் சிறிதளவு எடுத்துக் கொண்டு, அது தன் தாழ்ப்பாளைத் தானே திறந்து தானே மூடிக் கொள்ளும். சிப்பாய் விசையை இழுக்க வேண்டியதுதான். ஓர் இழுப்புக்கு ஒரு குண்டு. இயந்திரத் துப்பாக்கியைப் போல் மழையாகப் பொழியாது. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. இப்படி ஒன்றைச் சிப்பாய் தூக்கக்கூடிய எடையில், லட்சக்கணக்கில் செய்யக்கூடியதாக, புழுதியிலும் மழையிலும் வேலை செய்யக்கூடியதாக ஆக்குவதற்கு அமெரிக்கர்கள் ஏறக்குறைய முப்பது வருஷம் பாடுபட்டார்கள்.

அதில் வெற்றி கண்டவர் ஜான் காரண்ட். கனடாவில் க்யூபெக் மாகாணத்தில் 1888-ஆம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடியேறிற்று. பையன் துணி மில் ஒன்றில் தரை பெருக்கும் வேலையில் சேர்ந்தான். பெருக்குகிற இடத்தில் இயந்திரங்கள் ஓடின. பெருக்கும் பையன் அவற்றைப் பார்த்துக் கற்றுக் கொண்டான். 1919-இல் அவர் மாஸசூஸெட்ஸிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் அரசாங்க ஊழியராகச் சேர்ந்தார். பதினேழு வருஷம் செய்தும் சிதைத்தும் திருத்தியும் அவர் உருவாக்கிய ரைபிளை 1936 ஜனவரியில் ராணுவம் ஏற்றுக் கொண்டது. எம்-1 என்று அதற்குப் பெயர். உலகம் அதைக் காரண்ட் என்றே அழைத்தது.

எதிர்க்கட்சிக்காரர் மெல்வின் ஜான்ஸன். காரண்டைவிட 21 வயது இளையவர். பாஸ்டன் நகரத்து வக்கீல். ஹார்வர்டில் சட்டம் படித்தவர். மரீன் படையின் ரிஸர்வ் அதிகாரி. சட்டப் புத்தகத்தைவிடத் துப்பாக்கியில் அவருக்கு அதிக மோகம். காரண்டின் ரைபிளைப் பார்த்துவிட்டு, "இதைவிட நன்றாக நான் செய்வேன்" என்று கிளம்பினார். சொன்னபடி ஒன்றைச் செய்தும் காட்டினார். வக்கீல்களில் இது அபூர்வந்தான்!

இரண்டையும் மைதானத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டும் ஏறக்குறைய ஒன்பதரை ராத்தல் கனம். இரண்டுக்கும் ஒரே அளவுத் தோட்டா. வேலை செய்கிற விதந்தான் வேறு.

காரண்டில் குழலின் அடியில் ஒரு தண்டு இருக்கிறது. குண்டு குழலின் வாயை நெருங்கும்போது வெடிமருந்துப் புகையில் ஒரு பகுதி அந்தத் தண்டைப் பின்னுக்குத் தள்ளும்; தண்டு தாழ்ப்பாளைத் திறக்கும். எட்டுத் தோட்டாக்களை ஓர் இரும்புப் பிடிப்போடு சேர்த்து மேலிருந்து உள்ளே அழுத்த வேண்டும். கட்டை விரலைச் சட்டென்று எடுக்காதவனுக்கு விரல் நசுங்கும். எட்டும் தீர்ந்ததும் அந்தப் பிடிப்பு 'டிங்' என்ற ஓசையுடன் மேலே துள்ளி விழும். நடுவில் இரண்டு தோட்டாக்களைச் சுட்டுவிட்டு, அந்த இரண்டை மட்டும் திரும்ப நிரப்புவது சுலபமல்ல.

ஜான்ஸனில் தண்டு கிடையாது. குழலே சிறிது தூரம் பின்னுக்கு நகரும். அந்த நகர்ச்சியில் தாழ்ப்பாள் கொஞ்சம் திரும்பிப் பூட்டு விட்டுப் போகும். தாழ்ப்பாளின் தலையைச் சுற்றிச் சக்கரத்தின் பற்களைப் போலச் சிறு பற்கள் உண்டு. இந்தப் பற்களை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் அவற்றுக்கு வேலை இருக்கிறது. அடி வயிற்றைப் போல் உப்பிய அறையில் பத்துத் தோட்டாக்கள். எப்போது வேண்டுமானாலும் மேலும் நிரப்பலாம். குழலை நொடியில் கழற்றித் தனியே மூட்டை கட்டலாம்.

காகிதத்தில் எழுதிப் பார்த்தால் ஜான்ஸனே ஜயித்து விடும் போலிருக்கிறது. காரண்டுக்கோ 1939-40-இல் கெட்ட காலம் வந்தது. குழல் வாயில் புகையைப் பிடிக்கும் மூடி தொல்லை கொடுத்தது. தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்த துப்பாக்கிகள் எட்டில் ஏழாவது தோட்டாவில் சிக்கிக் கொண்டன. காரண்ட் செய்த மாதிரியில் இந்தக் குறையே கிடையாது. ஆராய்ந்தபோது, உற்பத்தியில் வெட்டும் கருவி உட்புறத்தில் ஒரு சிறு விளிம்பைக் கூடுதலாகச் செதுக்கியிருப்பது தெரிந்தது. கடுகளவு இரும்பு! ஆனால் ஏழாவது தோட்டா சிக்கும் நேரத்தில் எதிரே ஒருவன் ஓடி வருகிறான் என்றால், அந்தக் கடுகின் விலை ஓர் உயிர்.

பத்திரிகைகள் சும்மா இருக்குமா? "அரசாங்கம் தன் பிள்ளைக்கே பரிசு கொடுக்கிறது" என்ற கூச்சல் எழுந்தது. விவகாரம் 1940-இல் செனட் சபைக் கமிட்டி வரைக்கும் போயிற்று. ஆனால் அந்த வருஷம் மே மாதத்தில் ஜெர்மன் படைகள் பிரான்சுக்குள் புகுந்து கொண்டிருந்தன. ஒரு துப்பாக்கிக்குத் தொழிற்சாலை அமைத்து, மற்றொன்றுக்கு மாற்றிக் கொண்டிருக்க நேரம் எங்கே? காரண்டே நீடித்தது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் காரண்டின் புகைமூடி நீங்கிக் குழலில் நேரே துளை போடப்பட்டது. ஏழாவது தோட்டாவின் சிக்கலும் தீர்ந்தது. வாய்ச் சண்டையால் நன்மை விளைந்த சில சமயங்களில் இதுவும் ஒன்று.

மரீன் படையினர் மட்டும், "நாங்களே சோதித்துப் பார்த்துக் கொள்கிறோம்" என்றார்கள். 1940 கடைசியில் கலிபோர்னியாவில் ஸான் டியாகோவில் பரீட்சை நடந்தது. பழைய ஸ்பிரிங்ஃபீல்ட், காரண்ட், ஜான்ஸன், வின்செஸ்டர் கம்பெனியின் ஒரு புது ரைபிள் ஆகிய நான்கும் போட்டியிட்டன. பரீட்சகர்கள் காகித இலக்கில் எத்தனை துளை என்று எண்ணியதோடு நிற்கவில்லை. துப்பாக்கிகளை மணலில் புரட்டினார்கள், தண்ணீரில் நனைத்தார்கள், கடல் உப்பு ஏற விட்டார்கள், சேற்றில் அமிழ்த்தினார்கள். சேற்றிலிருந்து எடுத்தபோது காரண்ட் தானாக வேலை செய்ய மறுத்தது. கையால் இயக்கும் கிழட்டு ஸ்பிரிங்ஃபீல்டோ முக்கி முனகியாவது சுட்டது! நம்பகத்தில் முதலிடம் கிழத்துக்கே. தானாக இயங்குகிறவற்றில் முதலிடம் காரண்டுக்கு. ஜான்ஸன் அதற்கும் பின்னால் நின்றது.

ஜான்ஸனுக்கு இன்னொரு துரதிர்ஷ்டமும் இருந்தது. அதன் குழல் நகர்ந்தால்தான் அது வேலை செய்யும். நகரும் குழலில் கனமான சனியனைச் செருகினால் நகர்ச்சி கெடும். ஆகவே ஊசி போன்ற ஒரு சிறு சனியனைக் கொடுத்தார்கள். சனியனால் குத்துவதைக் கௌரவமாக நினைக்கும் படையினர் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

1941-இல் மரீன் படையும் காரண்டையே ஏற்றது. ஆனால் போதுமான துப்பாக்கிகள் வந்து சேரவில்லை. 1942 ஆகஸ்டில் குவாடல்கனால் தீவில் அவர்கள் இறங்கியபோது கையில் இருந்தது அந்தப் பழைய ஸ்பிரிங்ஃபீல்டுதான். அக்டோபரில் உதவிக்கு வந்த ராணுவத்தின் 164-ஆவது ரெஜிமெண்டு காரண்டுகளோடு வந்து இறங்கிற்று. அந்த மாதக் கடைசியில் விமானத் தளத்தைச் சுற்றி நடந்த இரவுப் போரில் இரண்டு படைகளும் தோளோடு தோள் நின்றன. ஒரு பக்கத்துச் சிப்பாய் தாழ்ப்பாளை இழுத்துக் கொண்டிருக்கையில் மறு பக்கத்தான் எட்டையும் சுட்டு விட்டான். அதற்குப் பிறகு மைதானத்துப் புள்ளி விவரங்கள் யாருக்கு வேண்டும்? மரீன்கள் கண் அசந்த நேரம் பார்த்து ராணுவத்தாரின் காரண்டுகளைக் கிளப்பிக் கொண்டு போனார்கள்.

ஜான்ஸனை வாங்க முன்வந்தது டச்சு அரசாங்கம். ஜாவா, சுமத்ரா முதலிய தங்கள் தீவுகளைக் காக்க ஆர்டர் கொடுத்தார்கள். 1942 மார்ச்சில் ஜாவாவே ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. பிள்ளை வீட்டார் ஊரைவிட்டே போன பிறகு சீர்வரிசையை என்ன செய்வது? அந்தத் துப்பாக்கிகளில் ஒரு பகுதி பாராசூட் மரீன்களிடம் வந்து சேர்ந்தது. கழற்றி மூட்டை கட்டலாம் அல்லவா? குதிக்கிறவர்களுக்கு அது வசதி.

காரண்டுகள் 50 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. அவற்றைப் படைத்தவர் தம் உரிமைகளை அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்து விட்டார், துப்பாக்கி ஒன்றுக்கு ஒரு செப்புக் காசுகூட அவருக்குக் கிடையாது, மாதச் சம்பளந்தான். ஒரு லட்சம் டாலர் வெகுமதி கொடுக்க வேண்டும் என்று காங்கிரஸில் மசோதா வந்தது, நிறைவேறவில்லை. பதக்கம் கிடைத்தது. 1953-இல் ஓய்வு பெற்று, 1974-இல் காலமானார்.

வழக்கு இத்துடன் தீர்ந்ததா? இல்லை. காரண்டின் வம்சத்தில் எம்-14 என்ற ரைபிள் பிறந்து 1957-இல் ராணுவத்தில் சேர்ந்தது. அதே காலத்தில் ஆர்மலைட் என்ற சிறு கம்பெனியில் யூஜின் ஸ்டோனர் என்பவர் புதுத் துப்பாக்கி ஒன்றைச் செய்து கொண்டிருந்தார். அந்தக் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்தவர் யார்? மெல்வின் ஜான்ஸன்! புதுத் துப்பாக்கியின் தாழ்ப்பாள் தலையைச் சுற்றி, சக்கரத்தின் பற்களைப் போன்ற அதே பற்கள். அதுதான் பிற்பாடு எம்-16 என்று பெயர் பெற்று, காரண்டின் வாரிசை ராணுவத்திலிருந்தே வெளியேற்றியது. 1965 ஜனவரியில் ஜான்ஸன் இறந்தார். தம் பற்கள் ஜயித்ததை முழுதும் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அந்த ஜயத்திலும் ஒரு கசப்பு கலந்திருந்தது. மைதானத்தில் பிரமாதமாகச் சுட்ட எம்-16 வியட்நாமில் சிக்கிக் கொள்ளத் தொடங்கிற்று. தோட்டாவின் மருந்தை மாற்றியிருந்தார்கள். குழலின் அறைக்கு குரோமியம் பூசவில்லை. துடைக்கும் சாமான்கூடப் பல சிப்பாய்களுக்குக் கொடுக்கவில்லை. செத்துக் கிடந்தவர்களின் பக்கத்தில், பாதி திறந்து மாட்டிக் கொண்ட துப்பாக்கிகள் கிடந்தன. 1967-இல் காங்கிரஸ் கமிட்டி விசாரித்த பிறகே குறைகள் தீர்ந்தன.

ஸான் டியாகோவில் துப்பாக்கிகளைச் சேற்றில் அமிழ்த்திய அந்த மரீன் அதிகாரிகளை அப்போது எத்தனை பேர் நினைத்துக் கொண்டார்களோ! சேற்றில் முக்கிய துப்பாக்கியை மறுபடி துடைத்து எடுத்து விடலாம். அதை ஏந்திக் கொண்டு சேற்றில் விழுந்த பையனை என்ன செய்வது?