உப்பு போட்டவர் ஒருவர், துரு சுரண்டுபவர் ஒருவர்

பழைய வண்டிகளுக்குக் கடன் கொடுக்கும் கிளையில் சில வருஷம் உட்கார்ந்தால் ஒரு பழக்கம் தானாக வந்துவிடும். பளபளக்கும் பெயிண்ட்டைப் பார்க்க மாட்டோம், குனிந்து அடியைப் பார்ப்போம். நான் இப்போது இருக்கும் காந்திதாம் (கட்ச், குஜராத்) பக்கம் இது ரொம்பவே முக்கியம். உப்பளங்கள் நிறைந்த ஊர். உப்பு ஏற்றும் வண்டியின் ஆயுளை முடிவு செய்வது பல சமயம் என்ஜின் இல்லை. சுமை உட்காரும் தகடும், அதை அடியில் தாங்கும் சட்டங்களும்தான்.

ஆனால் இங்கே உப்பு வண்டிக்கு மேலே இருக்கிறது. துரு பிடிக்கும் என்று தெரிந்துதான் ஏற்றுகிறார்கள், அதற்கு வாடகையும் வாங்குகிறார்கள். அமெரிக்காவின் வட மாநிலங்களில் உப்பு வண்டிக்குக் கீழேயிருந்து வருகிறது. அதற்கு யாரும் வாடகை தருவதில்லை. தேய்மானம் பற்றி ஏதோ தேடிப் படிக்கப்போய் இந்த விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். பி.காம் படித்தவனுக்கு எந்தச் சரித்திரத்தைப் படித்தாலும் கடைசியில் ஒரே கேள்விதான் வரும்: செலவு யார் கணக்கில்?

முதலில் வண்டி. பிக்கப்பின் பின்னால் சுமை ஏற்றும் திறந்த பகுதியை நம்மூரில் 'பாடி' என்போம். அமெரிக்கர்கள் 'பெட்' என்கிறார்கள், அதாவது படுக்கை! நான் தொட்டி என்றே எழுதுகிறேன். தொட்டியின் தரை நேராக சேஸிஸ் மேல் உட்காராது. நடுவில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை வரிசையாகக் குறுக்குச் சட்டங்கள் ஓடும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தளத்தைத் தாங்கும் மரக்கட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும் பாரம் தரை வழியாக இந்தச் சட்டங்களுக்கு வந்து, அங்கிருந்து போல்ட் வழியாக சேஸிஸுக்கு இறங்கும். சட்டம் போனால் தரை தொய்யும், தொட்டி ஆடும். பாரம் ஏற்ற முடியாத பிக்கப் வெறும் நீளமான கார்தான்.

கம்பெனியிலேயே தொட்டி பொருத்திய பிக்கப்பை ஃபோர்டு 1925 ஏப்ரலில் அறிமுகம் செய்தது. மாடல் டி காரின் பின்பக்கம் ஓர் எஃகுப் பெட்டி, விலை 281 டாலர். முதல் வருஷமே ஏறக்குறைய 34,000 வண்டிகள் போயின. அதற்கு முன் விவசாயிகள் தாங்களே காரின் பின்பக்கத்தை வெட்டி, மரப்பெட்டி அடித்துப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகும் பல வருஷம் நிறைய வண்டிகளில் தொட்டியின் தரைக்கு மரப்பலகைதான் போட்டார்கள். ஷெவர்லேயின் ஒரு வகை பிக்கப்பில் 1987 வரை பலகைத் தரை இருந்தது. பலகை உளுத்தால் போல்ட்டைக் கழற்றி வேறு பலகை போடலாம், அவ்வளவுதான். தரை முழுக்கத் தகடாகி, சட்டங்களை ஸ்பாட் வெல்டிங்கில் அதன் அடியில் ஒட்டியபோது கம்பெனிக்கு வேலை சுலபமானது. வாங்கியவருக்குப் பழுது பார்ப்பது கஷ்டமானது.

அடுத்து உப்பு. பனிக்காலத்தில் சாலை வழுக்காமலிருக்க ஆரம்பத்தில் மணலும் சாம்பலும்தான் தூவினார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938-ல் சோதனையாக உப்பைத் தூவிப் பார்த்தது. 1941-42 குளிர்காலத்தில் அமெரிக்கச் சாலைகளில் மொத்தமாகக் கொட்டியது வெறும் 5,000 டன். போர் முடிந்து ஊருக்கு ஊர் கார் பெருகியது. 1956-ல் 41,000 மைல் நெடுஞ்சாலைக்குச் சட்டம் வந்தது. பனி பெய்தாலும் வேலைக்குப் போக வேண்டும், லாரி ஓட வேண்டும், தார் கருப்பாகத் தெரிய வேண்டும் என்பது பொதுஜன எதிர்பார்ப்பாகவே ஆகிவிட்டது. 1970-களில் வருஷத்துக்கு ஒரு கோடி டன் அளவுக்கு வந்தது. இப்போது சுமார் இரண்டு கோடி டன், பனியைப் பொறுத்துக் கூடும், குறையும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். மோட்டார் தலைநகரமான டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. 1906-ல் தோண்ட ஆரம்பித்து 1910-ல் உப்பை எட்டினார்கள். ஆயிரம் அடிக்கும் கீழே, அகலமான தெருக்கள் மாதிரி குடைந்திருக்கிறார்கள். ஃபோர்டின் தலைமையகம் உள்ள டியர்பார்ன் ஊரின் அடியிலும் அது நீள்கிறது. சாலையில் கொட்டும் உப்பு இன்றும் அங்கிருந்து வருகிறது. மேலே வண்டி செய்கிறார்கள், கீழே அதைத் தின்னும் சரக்கை வெட்டுகிறார்கள். ஒரே ஊரில் உற்பத்தியும் தேய்மானமும்!

உப்பைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அது தண்ணீரின் உறைநிலையைக் கீழே இறக்குகிறது, ரப்பர் டயர் தாரைப் பிடிக்கிறது, விபத்துகள் குறைகின்றன. எத்தனையோ ஆம்புலன்ஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். லாபம் நிஜம். அந்த லாபத்தின் செலவு எங்கே எழுதப்பட்டது என்பதுதான் என் கேள்வி.

உப்பு கரைந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துரு என்பதே இரும்பின் மேல் நடக்கும் ஒரு சின்ன பேட்டரி வேலைதான். உப்பு அந்த வேலையை வேகப்படுத்துகிறது. தண்ணீர் காய்ந்த பிறகும் படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். குறுக்குச் சட்டத்தின் வடிவமோ தொப்பியைக் கவிழ்த்த மாதிரி. அதன் ஓரங்களில் சேறும் உப்பும் தங்கும், தரைத் தகட்டோடு ஒட்டும் இடுக்கில் ஈரம் நிற்கும், பெயிண்ட் அங்கே சரியாகப் போய்ச் சேராது. துருவின் கனஅளவு இரும்பைவிடப் பல மடங்கு. இடுக்கில் துரு ஊறி உப்பும்போது ஸ்பாட் வெல்டிங்கையே பிளந்துவிடும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். வாராக்கடன் மாதிரிதான், புத்தகத்தில் ஏறும் நாளில் வந்த நோய் இல்லை அது. இன்னொன்று, நனைந்த வண்டியைச் சூடேற்றிய கராஜில் நிறுத்தினால் நல்லது என்று தோன்றும். வெளிக்குளிரில் நிற்பதைவிட அங்கேதான் துரு வேகமாக நடக்கும்.

இப்போது அந்த வண்டிக்காரர். பத்துப் பதினைந்து வருஷப் பழைய பிக்கப், என்ஜின் குதிரை மாதிரி ஓடுகிறது, அடியில் சட்டம் போய்விட்டது. பட்டறைக்கு விட்டால் கூலியே வண்டியின் விலையை நெருங்கும். நம்மூர் மாதிரி மூலைக்கு ஒரு வெல்டிங் பட்டறை அங்கே கிடையாது. அதனால் சனி ஞாயிறுகளில் வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பிக்கிறார்.

முதல் கருவி சுத்தியல். தட்டிக்கொண்டே போக வேண்டும். 'கணீர்' என்றால் இரும்பு உயிரோடு இருக்கிறது, 'பொத்' என்றால் இல்லை. அடுத்தது போல்ட்டுகள். தொட்டியை சேஸிஸோடு பிடித்திருப்பவை பெரும்பாலும் ஆறோ எட்டோதான், ஆனால் துருவில் இறுகியிருக்கும். எண்ணெய் விட்டு ஊற வைத்து, மசியாவிட்டால் கிரைண்டரில் வெட்டுவார்கள். பெட்ரோல் ஊற்றும் குழாயையும் விளக்கு ஒயர்களையும் கழற்றிவிட்டு, நாலு நண்பர்களைக் கூப்பிட்டால் தொட்டியைத் தூக்கி வைத்துவிடலாம். கவிழ்த்து வைத்துச் செய்தால் வேலையும் சுலபம், ஆபத்தும் குறைவு. தூக்காமல் அடியில் படுத்துச் செய்பவர்கள் வண்டியை வெறும் ஜாக்கியில் நிறுத்தக் கூடாது, கீழே ஸ்டாண்டு கொடுத்தே ஆக வேண்டும். பல வண்டிகளில் பெட்ரோல் டாங்க் தொட்டிக்கு அடியிலேயே இருப்பதால், அதை வைத்துக்கொண்டு தீப்பொறி பறக்கும் எந்த வேலையும் செய்யக் கூடாது.

பழைய சட்டத்தின் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்து, புதுச் சட்டத்தை அந்த இடத்தில் வைக்கிறார்கள். பிரபலமான மாடல்களுக்குச் சட்டம் தனியாகவே விற்கிறது. வெல்டிங் தெரிந்தவர் வெல்ட் செய்வார், தெரியாதவர் போல்ட்டில் முடுக்குவார். துத்தநாகம் பூசிய சட்டமானால் வெல்ட் செய்யும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுக்க வேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் மாதிரி வந்து படுக்க வைத்துவிடும். துருவுக்கு மேல் அப்படியே பெயிண்ட் அடித்தாலோ, ஃபைபர் வைத்து ஓட்டையை மூடினாலோ பார்வைக்கு நன்றாக இருக்கும், பாரம் தாங்காது. நல்ல இரும்பு தெரியும்வரை சுரண்டி, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, இடுக்குகளை சீலன்ட் போட்டு அடைத்து, தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் திறந்தே விட வேண்டும். பிறகு வருஷா வருஷம் எண்ணெய்ப் பூச்சு. குளிர்காலத்தில் அடிப்பக்கத்தை அடிக்கடி கழுவுதல்.

இவ்வளவும் எந்தக் கணக்கிலும் ஏறாத உழைப்பு.

கணக்குப் போடவே இல்லையா என்றால், போட்டார்கள். அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் ஆதரவில் 2002-ல் வந்த ஆய்வு, உலோக அரிப்பால் அந்த நாட்டுக்கு வருஷத்துக்கு 276 பில்லியன் டாலர் நேரடிச் செலவு என்றது. அதில் மோட்டார் வாகனங்களின் பங்கு 23.4 பில்லியன். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த வரி. துரு வராமல் தடுக்கத் தயாரிப்பின்போது கூடுதலாக ஆகும் செலவு சுமார் 2.5 பில்லியன்தான். பழுது, பராமரிப்பு 6.45 பில்லியன். மீதி 14.46 பில்லியன் தேய்மானம், அதாவது வண்டியின் மதிப்பில் சத்தமில்லாமல் கரைந்தது. கம்பெனி ஒரு ரூபாய் செலவு செய்யும் இடத்தில் வண்டிக்காரர் எட்டு ரூபாய்க்கு மேல் இழக்கிறார். சாலைத் துறையின் பட்ஜெட்டில் உப்பின் விலை இருக்கும். இந்த எட்டு ரூபாய் இருக்காது.

கம்பெனிகள் சும்மா இருந்தன என்று சொல்ல முடியாது. இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்கு பிரான்சில் சோரல் என்பவர் 1837-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அது கார் உடம்பில் பரவலாக வர 1980-கள் ஆயின. இடையில் அந்த வெற்றிடத்தை வியாபாரமாக்கியவர் கர்ட் ஸீபார்ட் என்ற ஜெர்மானிய மெக்கானிக். 1959-ல் அதே டெட்ராய்ட்டில் துருத்தடுப்புப் பூச்சுக்கென்று கடை திறந்தார். பிறகு கம்பெனிகளே துருவுக்கு வாரண்டி தந்தன. அதில் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். பெரும்பாலும் தகடு ஓட்டை விழுந்தால்தான் செல்லும், மேல் துருவுக்குச் செல்லாது. ஐந்தாறு வருஷத்தில் வாரண்டி முடிந்துவிடும். அங்கே வண்டிக் கடன் ஆறேழு வருஷம் ஓடுவது சகஜம். துரு நிதானமாக, இரண்டாம் கை மூன்றாம் கை மாறிய பிறகு முகம் காட்டும். அந்தக் கைகள் வசதியானவர்களின் கைகளாக இருப்பது அபூர்வம்.

கூட்டமாகக் கேட்டால் கதை வேறு. டொயோட்டா பிக்கப்புகளில் சேஸிஸே துருப்பிடித்த விவகாரம் (தொட்டிச் சட்டம் இல்லை, அதைவிடப் பெரியது) வழக்காகி, 2016-ல் சுமார் 15 லட்சம் வண்டிகளுக்கு 3.4 பில்லியன் டாலர் வரை மதிப்புள்ள சமரசத்தில் முடிந்தது. ஃபோர்டு 2015 மாடலில் எஃப்-150 வண்டியின் உடம்பையும் தொட்டியையும் அலுமினியத்துக்கு மாற்றியது. எடையைக் குறைப்பதுதான் பிரதான நோக்கம், சேஸிஸ் இன்றும் எஃகுதான். புது வண்டி வாங்குபவருக்கு இதெல்லாம் நல்ல செய்தி. வாசலில் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டிருப்பவர் புது வண்டி வாங்குபவர் இல்லையே.

பிக்கப் தயாரிக்கும் இன்னோர் ஊரில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மிச்சிகனில் உள்ள ஃப்ளின்ட் நகரம் செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் குடிதண்ணீருக்கு ஃப்ளின்ட் ஆற்றுக்கு மாறியது. அந்தத் தண்ணீரில் குளோரைடு அதிகம். ஆற்றில் கலக்கும் சாலை உப்பு அதற்கு ஒரு காரணம், சுத்திகரிப்பில் சேர்த்த ரசாயனம் இன்னொரு காரணம். அரிப்பைத் தடுக்கும் மருந்தையோ சேர்க்கவில்லை. அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜின் தொழிற்சாலை, பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அந்த அக்டோபரிலேயே வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. ஊர் ஜனங்கள் பழைய ஈயக் குழாய்கள் வழியாக இன்னும் ஒரு வருஷம் அதையே குடித்தார்கள். ஈயம் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியது. 2015 அக்டோபரில்தான் பழைய தண்ணீர் திரும்பி வந்தது.

இரும்புக்குப் பேசக் கணக்குப்பிள்ளை இருந்தார், அதனால் இரும்பு முதலில் தப்பித்தது. பொதுநன்மைக்காகச் செய்யும் எந்த வேலையிலும் லாபம் எல்லோருக்கும் பொதுவாகப் பிரியும். செலவு மட்டும், கேள்வி கேட்கத் தெம்பில்லாதவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவைக்கப்படும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம்மவர்கள் சொன்னது சோற்றுக்கு. சாலைக்கு உப்பிட்டவர்கள் அந்த வாசல்களையும் கொஞ்சம் நினைக்கலாம்.

பனி கொட்டும் ஊர்களில் வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால், உங்கள் வண்டியின் அடியில் கணீரா, பொத்தா என்று ஒரு தடவை தட்டிப் பார்த்துவிடுங்கள்.