குழாயின் முனையில் நிற்பவர்



நினைவுச் சொற்பொழிவுகளில் பெயர் பெற்றவர்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று பெயரே இல்லாத ஒரு வேலையைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். கட்டட வேலையில் கொத்தனாருக்குப் பெயர் உண்டு. கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் அடிப்பவர், பெயிண்டர், எலக்ட்ரீஷியன் எல்லோருக்கும் பெயர் உண்டு. தளம் போடும் நாளில் கான்கிரீட் பம்பின் ரப்பர் ஹோஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறாரே, அவருக்கு என்ன பெயர்? ‘ஹோஸ் பிடிக்கிற ஆளு’. அவ்வளவுதான். அந்த ஆள் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

பம்புக்கு முன்னால் இருந்தது தலை. மிக்சர் மெஷினிலிருந்து கொட்டும் கலவையை இரும்புச் சட்டியில் வாங்கி, சும்மாட்டின் மேல் ஏற்றி, சாரத்தின் வழியே மாடிக்குக் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு நாம் வைத்த பெயர் சித்தாள், அதாவது சிறிய ஆள். இருபது வயதில் வேலைக்கு வந்தவர் ஐம்பது வயதிலும் சித்தாள்தான். கூட வந்த பையன் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிவிடுவான். அவர் கையில் கரண்டி வராது.

இந்தக் கூலி வித்தியாசம் நகரத்தில் பிறந்ததல்ல. 1930ஆம் ஆண்டு இறுதியில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931இல் அது பதினொன்றாக வளர்ந்தது. நகை அணியக் கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பவற்றை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். அதே பட்டியலில் வேலை பற்றியும் ஒரு கட்டளை இருந்தது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை மிராசுதார்களிடம் கூலி வேலை செய்ய வேண்டும். ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. நேரத்தையும் கூலியையும் சாதி எழுதிக் கொடுத்தது. வேலைக்கு வர மாட்டேன் என்று சொல்ல இடமில்லை. மறுப்பதற்குத் தடை என்பதுதான் அந்தக் கட்டளையின் சாரம்.

அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து வெளியேறி நகரத்துக்கு வந்தவர்களுக்கு உடனே கிடைத்த வேலைகளில் ஒன்று மண் சுமப்பதும் கலவை சுமப்பதும். நகரம் சாதி கேட்கவில்லை என்பார்கள். கேட்க வேண்டிய தேவை இல்லாதபடி வேலையே பிரிந்து கிடந்தது. அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில், சாதி வேலைகளை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்குகிறது என்று வாதிட்டார். கட்டட வேலைத்தளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வாதத்தை விளக்க வேண்டியதில்லை.

இனி இயந்திரத்துக்கு வருவோம். கான்கிரீட்டைக் குழாய் வழியே தள்ளும் பம்பை 1927இல் ஜெர்மனியில் மாக்ஸ் கீஸ, ஃபிரிட்ஸ் ஹெல் ஆகியோர் உருவாக்கினார்கள். 1957இல் ஷ்விங் நிறுவனம் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இரட்டை உருளை பம்பைக் கொண்டுவந்தது. ஒரு உருளை கலவையை உறிஞ்சும்போது மற்றது தள்ளும். இன்று நம் தெருவில் நிற்கும் பம்பும் இதே முறையில்தான் ஓடுகிறது. இந்தியாவில் 1990களுக்குப் பிறகு ரெடிமிக்ஸ் பரவியதோடு பம்பும் பரவியது. துபாயின் புர்ஜ் கலிஃபாவில் கான்கிரீட் 606 மீட்டர் உயரத்துக்கு ஏற்றப்பட்டது. அந்த உயரம் உலகச் சாதனையாகப் பேசப்பட்டது.

பம்பு வந்ததும் தலைச்சுமை இறங்கியது. அது நல்லதுதான், எந்தப் பெண்ணின் கழுத்தெலும்பும் தேய வேண்டியதில்லை. ஆனால் சுமையோடு சித்தாளின் அன்றைய கூலியும் போனது. முப்பது பேர் வரிசையாக நின்ற இடத்தில் ஒரு குழாய் வந்தது. அதன் முனையைப் பிடிக்க இளம் ஆண்கள் வந்தார்கள். அவர்களில் பலர் பீகார், ஜார்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கக் கிராமங்களின் தலித், ஆதிவாசிக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். ஊரும் மொழியும் மாறின. அடுக்கில் அவர்களுக்குக் கிடைத்த இடம் பழைய இடமே.

ஹோஸின் முனையில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். சாதாரணக் குழாயின் விட்டம் 125 மில்லிமீட்டர், ஐந்து அங்குலம். மூன்று மீட்டர் ஹோஸ் நிறையக் கலவை இருந்தால் கலவையின் எடை மட்டும் ஏறத்தாழ 88 கிலோ. குழாயில் அடைப்பு விழுந்தால் அழுத்தம் ஏறும். 85 பார் அழுத்தம் என்றால், அந்த ஐந்து அங்குல வாயின்மேல் சுமார் 10 டன் தள்ளுவிசை. கான்கிரீட்டை நசுக்க முடியாது. ஆனால் குழாய்க்குள் சிக்கிய காற்று சுருள்வில்லைப் போல நசுங்கிக் காத்திருக்கும். அடைப்பு திடீரென்று விட்டால் காற்று ஒரே நொடியில் விரியும். ஹோஸ் சாட்டையாக வீசும். பிடித்திருப்பவரின் தலையிலோ மார்பிலோ அடிக்கும்; தளத்தின் விளிம்பில் நின்றால் கீழே தள்ளிவிடும். இறுக்கிப் பிடித்தால் தப்பிக்கலாம் என்பது பொய். அந்த விசையை எந்த உடம்பாலும் பிடித்து நிறுத்த முடியாது.

காற்று எப்போது புகும் என்பதும் தெரிந்ததுதான். பம்பை முதலில் ஓட்டும்போது, அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டும்போது, அடுத்த லாரி வரத் தாமதமாகி ஹாப்பரில் கலவை குறைந்து பம்பு காற்றை உறிஞ்சும்போது, வேலை முடிந்து காற்றழுத்தத்தால் குழாயைக் கழுவும்போது. ஆகவே தடுக்கும் வழிகளும் எளியவை. பம்பை ஓட்டத் தொடங்கும்போதும் மறுபடி தொடங்கும்போதும் ஹோஸ் வீசக்கூடிய வட்டத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. ஹோஸை யாரும் பிடிக்கவே கூடாது. கலவை சீராக வந்த பிறகுதான் அருகில் போக வேண்டும். லைன் ஜாம் ஆனால் முதலில் பம்பைப் பின்னோக்கி ஓட்டி அழுத்தத்தை இறக்க வேண்டும். அதன் பிறகே கிளாம்பைக் கழற்ற வேண்டும். ஹோஸின் திறந்த முனையில் இரும்பு இணைப்பு இருக்கக் கூடாது. ஹாப்பர் காலியாக விடக் கூடாது. கழுவும் பந்து வெளியேறும் வாயில் பிடிகூடை இல்லாமல் காற்றைத் திறக்கக் கூடாது. இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. தேவைப்படுவது சில நிமிட நேரமும், ‘நிறுத்து’ என்று முனையில் நிற்பவர் சொன்னால் நிற்கும் பம்பும்தான்.

சட்டம் இதை அறியாததல்ல. 1979இல் தொடங்கிய தமிழகக் கட்டடத் தொழிலாளர் சங்கமும், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் 1985இல் உருவான தேசிய இயக்கமும் பத்தாண்டுக்கு மேல் போராடிய பிறகு, 1996இல் கட்டடத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1998ஆம் ஆண்டு மத்திய விதிகளில் கான்கிரீட் பம்புக்கென்றே பகுதி உண்டு. குழாயை அதன் முடிவிலும் ஒவ்வொரு வளைவிலும் உறுதியாகக் கட்ட வேண்டும், மேல்பகுதியில் காற்று வெளியேற வால்வு வேண்டும், பம்பை இயக்குவது வரையறுத்த சைகைகளின்படி நடக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் அதே சட்டத்தில் பாதுகாப்பு அதிகாரி கட்டாயமாக இருந்தது 500 தொழிலாளர் இருக்கும் இடத்தில். 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் இதை 250 ஆக்கியது. இரண்டு மாடி வீட்டுக்குத் தளம் போடும் இடத்தில் இருப்பது பதினைந்து, இருபது பேர். அங்கே எந்த அதிகாரியும் வரப்போவதில்லை.

பணமும் இல்லாமல் இல்லை. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் நல வரியாக வசூலாகிறது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது நாடு முழுவதும் சேர்ந்திருந்தது 37,400 கோடி ரூபாய்க்கு மேல். தொழிலாளர்களுக்காகச் செலவானது சுமார் 9,500 கோடி.

மரணத்தைக் கணக்கெடுப்பதிலும் இதே கதைதான். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். நாடே பார்த்தது. ஹோஸ் ஒவ்வொருவராகக் கொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரணப் பட்டியலில் கட்டடம் இடிந்தவை உண்டு, மின்சாரம் தாக்கியவை உண்டு. கான்கிரீட் குழாய்க்கு வரிசை இல்லை. விபத்தில் இறந்தவர் எந்தச் சமூகம் என்பதையும் அது சொல்லாது. எண்ணப்படாத சாவுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பதில் கேட்க வழி உண்டு என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். 2025 வரை நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்குப்படி, மாதம் 15,000 ரூபாய் கூலியில் 25 வயதுத் தொழிலாளி வேலையில் இறந்தால் குடும்பத்துக்குச் சேர வேண்டியிருந்தது 16,26,825 ரூபாய். ‘அவன் சப் கான்ட்ராக்டரின் ஆள்’ என்று கைகழுவவும் முடியாது. வேலையை ஒப்படைத்த முதன்மை முதலாளியிடமே கேட்கலாம் என்று அதன் 12ஆம் பிரிவு சொன்னது. இரவோடு இரவாக உடலை ஊருக்கு அனுப்பி, கையில் கொஞ்சம் பணம் திணித்து, வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கும் பழக்கத்தை இந்த எண்ணைத் தெரிந்தவர்களால்தான் தடுக்க முடியும்.

இழப்பீடு சாவுக்குப் பிந்தையது. சாவுக்கு முந்தைய உரிமை ஒன்று வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1988ஆம் ஆண்டு 167ஆம் உடன்படிக்கை, கடும் ஆபத்து நெருங்கியிருக்கிறது என்று நம்பத் தகுந்த காரணம் இருந்தால் அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளும் உரிமையைக் கட்டடத் தொழிலாளிக்கு அளிக்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. நமது 2020ஆம் ஆண்டுச் சட்டம் ஆபத்தை முதலாளிக்குத் தெரிவிக்கலாம் என்கிறது. தெரிவிப்பது வேறு, விலகி நிற்பது வேறு.

இது நமக்குப் புதிய கோரிக்கை அல்ல. பறையடிக்க மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம், பண்ணையில் கட்டுண்டு கிடக்க மாட்டோம் என்று நம் முன்னோர் சொன்ன ஒவ்வொரு ‘மாட்டோம்’ என்பதற்கும் அடி விழுந்தது, குடிசை எரிந்தது. நம் விடுதலை வரலாற்றில் பெரும்பகுதி மறுப்பின் வரலாறு. அழுத்தம் இறங்காத ஹோஸைப் பிடிக்க மாட்டேன் என்று ஓர் ஒடிசா இளைஞன் சொல்வதும், அதற்காக அன்றைய கூலி பிடிக்கப்படாமல் இருப்பதும் அந்த வரலாற்றின் அடுத்த பக்கம்.

அவனுடைய மொழி நமக்குத் தெரியாமல் இருக்கலாம். நிறுத்தச் சொல்லிக் கை உயர்த்தும் சைகைக்கு மொழி தேவையில்லை. நலவாரியப் பதிவில் அவன் வேலைக்கு ஒரு பெயர் வேண்டும். பம்பு இயக்குபவருக்குத் தரும் பயிற்சி அவனுக்கும் வேண்டும். அவன் கை உயர்ந்தால் மேஸ்திரி சொல்லுக்குக் காத்திராமல் பம்பு நிற்க வேண்டும். இந்த மூன்றையும் நம் சங்கங்களும் மன்றங்களும் கேட்கத் தொடங்கட்டும்.

ஜெய்பீம்.