சுருட்டிய ஈயம்

சாவியைத் திருப்பியதும் செல்ஃப் எடுக்கிறதே, அந்த ஒரு நொடியின் கதை இரண்டு ஈயத் தகடுகளில் தொடங்குகிறது. 1859-இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே, அவை ஒன்றையொன்று தொடாதபடி நடுவே முரட்டுத் துணி வைத்துப் பாயைப்போலச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் இறக்கினார். அதுவரை இருந்த மின்கலங்கள் துத்தநாகத்தைத் தின்று தீர்ந்துபோகிறவை. இதுவோ ஏற்றிய மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டது. கேட்டபோது திருப்பித் தந்தது.

ஆனால் ஏற்றுவதற்கு நல்ல டைனமோ அன்று இல்லை. அந்தப் பழைய மின்கலங்களிலிருந்துதான் ஏற்றியாக வேண்டும். தகடு பதமாவதற்கு, ஏற்றுவதும் இறக்குவதுமாக மாதக்கணக்கில் பாடுபட வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு இன்றும் மலைப்பு. 1881-இல் கமீய் ஃபோர் ஈய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டில் பூசினார். மாதக்கணக்கு வேலை வெகுவாகக் குறைந்தது.

தொடக்கத்தில் பெட்ரோல் காரைக் கைப்பிடி சுற்றித்தான் கிளப்பினார்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை முறியும். சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய, பேட்டரியில் ஓடும் மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்த பிறகே, பேட்டரி இல்லாத கார் என்பது அரிதாகிப்போனது.

இன்று கடையில் பார்க்கும் ஈய பேட்டரி வகைகளுக்குள் முக்கிய வேறுபாடு, ஆசிட் எப்படி இருக்கிறது என்பதுதான். சாதாரண பேட்டரியில் அது தளும்பிக் கிடக்கிறது. சார்ஜ் ஏறும்போது தண்ணீர் வாயுவாகப் பிரிந்து போவதால், மூடி திறக்கும் வகைக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிறோம். ஜெல் பேட்டரியில் சிலிக்கா கலந்து ஆசிட்டைக் கூழாக்கியிருக்கிறார்கள். ஆசிட் சிந்தாது, ஆனால் அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றினால் தாங்காது. எஞ்சினைக் கிளப்பக் கேட்கும் பெரும் மின்னோட்டத்துக்கும் அது அவ்வளவு தோதானதல்ல.

ஏஜிஎம் பேட்டரியில் மெல்லிய கண்ணாடி இழை விரிப்பு ஆசிட்டை உறிஞ்சி வைத்திருக்கிறது. நேர்த்தகட்டில் எழும் ஆக்சிஜன் விரிப்பின் நுண்துளைகள் வழியே எதிர்த்தகட்டை அடைந்து மறுபடி தண்ணீராகிவிடும். ஊற்ற வேண்டிய வேலையே இல்லை. சிக்னலில் தானே அணைந்து கிளம்பும் கார் ஏஜிஎம்மோடு வந்திருந்தால், விலை பார்க்காமல் அதையே மாற்றுங்கள். பழைய சாதாரண காருக்குத் தண்ணீர் ஊற்றும் பேட்டரி போதும். ஊற்ற மறக்காதவராக இருக்க வேண்டும், அவ்வளவே.

இந்த ஏஜிஎம் 1970-களில் அமெரிக்காவின் கேட்ஸ் ரப்பர் நிறுவனத்தில் உருவானது. அங்கே ஈயத் தகடுகளுக்கு நடுவே கண்ணாடி இழை விரிப்பை வைத்தார்கள். பிறகு, பிளாந்தே செய்ததுபோலவே, சேர்த்துச் சுருட்டினார்கள்.